ஜெலுத்தோங்: மூத்த குடிமக்கள் சேவைகள்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகர மையத்துக்குத் தெற்கே உள்ள பழைய குடியிருப்புப் பகுதி ஜெலுத்தோங். ஒருகாலத்தில் சூயிங்கம் செய்யப் பால் தந்த ஜெலுத்தோங் மரமே பெயருக்கு மூலம்.

மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மூத்த குடிமக்கள். அவர்களுக்கான தேசியக் கொள்கை 1995இல் வந்தது, 2011இல் திருத்தப்பட்டது. பினாங்கு மாநில அரசு 2010 முதல், மாநிலத்தில் வாக்காளராகப் பதிந்த முதியோருக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. தொகை சிறிதுதான், ஆனால் வருமானம் பாராமல் எல்லாருக்கும் கிடைத்ததால், கையேந்துகிறோம் என்ற கூச்சம் இல்லை. அதுவே இத்திட்டத்தின் பெருமை. வருமானமற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை தனி. அதைக் கூட்டரசின் சமூக நல இலாகா கவனிக்கிறது. அரசாங்க கிளினிக்குகளில் வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமும் முதியோருக்கு இல்லை.

இந்தப் பண உதவிகளால் தீராதது ஜெலுத்தோங்கின் நடைபாதைச் சிக்கல். பழைய கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் தளம் கடைக்குக் கடை ஏறி இறங்கும். கைத்தடி ஊன்றும் பாட்டி ஒவ்வொரு படியிலும் தூணைப் பிடித்து நிற்க வேண்டும். இல்லையேல் மோட்டார் சைக்கிள்கள் விரையும் சாலையில் இறங்க வேண்டும். மாநகர் மன்றம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது.