மாயக்கண்ணாடி: பக்கத்தில் நிற்பவர் யார்?

கண்ணாடி பேசுமா? கிரிம் சகோதரர்கள் 1812ல் வெளியிட்ட ஸ்நோ ஒயிட் கதையில் பேசுகிறது. உன்னைவிட இன்னொருத்தி அழகு என்று அது சொன்ன ஒரு பதிலுக்காக ராணி கொலை வரைக்கும் போய்விடுகிறாள்.

நம்ம ஊர் மாயக்கண்ணாடிக்குக் கண்ணாடிகூட வேண்டாம், ஒரு வெற்றிலை போதும். நகையோ மாடோ தொலைந்தால் 'மை போட்டுப் பார்க்கிற' வழக்கம் இருக்கிறதே, அதுதான். வெற்றிலையில் கருப்பு மையைத் தடவி, பளபளக்கும் அந்த இடத்தை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் பார்ப்பது ஒரு சின்னப் பிள்ளை. ஆள் தெரிகிறானா, உயரமா, குட்டையா என்று மை போடுபவர் கேட்கக் கேட்க, பிள்ளை பதில் சொல்லும். கடைசியில் ஊரில் யாரோ ஒருவர் திருடன் ஆகிவிடுவார். சாட்சி? ஒரு வெற்றிலை!

பிள்ளை பொய் சொல்கிறதா? அப்படியும் சொல்ல முடியாது. இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி கபூடோ என்ற உளவியல் ஆய்வாளர் 2010ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மங்கலான வெளிச்சத்தில் 50 பேரைப் பத்து நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்தார். 66 சதவீதம் பேருக்குத் தங்கள் முகமே கோரமாக மாறித் தெரிந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத முகங்கள் தெரிந்தன. அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்தால் காட்சி மங்கும். விட்டுப்போனதை மூளை தானாக இட்டு நிரப்பும். உருவம் வருவது மையிலிருந்து அல்ல, நம் மண்டைக்குள்ளிருந்து.

இதே மூளையை ஏமாற்றி நல்லதும் செய்யலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் அதைச் செய்தார். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிப்பதாகத் தோன்றும். அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரிந்தது. நல்ல கையை விரித்தால் அந்தக் கையும் விரிவதுபோல் இருக்கும். சிலருக்கு வலி குறைந்தது. மந்திரம் இல்லை, ரகசியமும் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்று அவரே எழுதி வைத்தார்.

இப்போது ஸ்மார்ட் கண்ணாடிக்கு வருவோம். உண்மையில் அது கேமராவும் திரையும்தான். முகத்தில் கண், உதடு எங்கே என்று கணக்குப் போட்டு, லிப்ஸ்டிக் பூசினால் எப்படி இருப்பீர்கள் என்று அங்கேயே காட்டும். இந்த நுட்பத்தைச் செய்த மோடிஃபேஸ் என்ற கனடா நிறுவனத்தை 2018ல் லோரியல் வாங்கியது. வணிகவியல் மாணவனாக எனக்கு இதுதான் சுவாரசியம்: அழகு சாதனம் விற்பவரே கண்ணாடிக்கும் சொந்தக்காரர். உங்களுக்கு என்ன குறை என்று சொல்வதும் அவர், மருந்து விற்பதும் அவர்.

ஆக, கண்ணாடியில் மாயம் எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்பவரிடம்தான் எல்லாம் இருக்கிறது. ராமச்சந்திரன் தன் வித்தையைத் திறந்து காட்டினார். மை போடுபவர் காட்டுவதில்லை. கடைக்காரர் காட்டுவாரா?

1896ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 'நான் யார்?' என்று அவரவர் தன்னையே கேட்கச் சொன்னார். அந்தக் கேள்வியைக் கண்ணாடியிடம் கேட்டால், பதிலோடு பில்லும் வரும். பார்த்துக் கேளுங்கள் நண்பர்களே!