செப்படி வித்தையும் போட்டோஷாப்பும் – பூஜப்புரை வழியாக ஒரு சரித்திரம்

திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றால் ஊருக்குப் புதியவர்களுக்கு மத்திய சிறைதான் முதலில் நினைவுக்கு வரும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என்று மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, சாமிகள் நடையை நிறுத்தவில்லை. விஜயதசமி அன்று நம்ம வேளிமலை முருகன் வெள்ளிக் குதிரையில் ஏறி பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்துக்குப் போவார். குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அங்கே நடக்கும்.

இதே பூஜப்புரையில் இன்னும் இரண்டு "எழுத்தறிவிப்பு" இடங்கள் உண்டு. ஒன்று, 1996-ல் கோபிநாத் முதுகாடு தொடங்கிய மேஜிக் அகாடமி. இன்னொன்று, கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 2001-ல் வந்த ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் அலுவலகம் (2017-லிருந்து அதன் பெயர் கைட்). முதல் இடத்தில் கையில் இருப்பதை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டாவது இடம் தயாரிக்கும் பாடப்புத்தகம், படத்தில் இருப்பதை மாற்றக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டு வித்தைக்கும் சரித்திரம் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தேன். நோண்டிப் பார்த்தால் இரண்டும் அடிக்கடி கை குலுக்கிக்கொள்கின்றன.

முதலில் கை வித்தை. "செப்படி வித்தை" என்று நாம் சும்மா திட்டுவதற்குப் பயன்படுத்தும் சொல்லில் இருப்பது செப்பு, அதாவது சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பந்து போவதும் வருவதும்தான் வித்தை. மலையாளத்தில் இதுவே "செப்பும் பந்தும்". அதில் பெயர் பெற்றவர் பட்டாம்பி பக்கத்துத் திருவேகப்புறையைச் சேர்ந்த வாழக்குந்நம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983). பெரிய பெட்டி, கண்ணாடி, மின்விளக்கு எதுவும் இல்லாமல் வெறும் கையாலேயே செய்யும் "கையடக்கம்" அவருடைய பலம். அவர் சீடர் ஆர்.கே. மலயத்து, மலயத்தின் சீடர் நிலம்பூர்க்காரரான முதுகாடு. ஆக இது சங்கீதம் மாதிரி குரு–சிஷ்யப் பரம்பரை. குரு மனசு வைத்தால் ரகசியம் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து, வகுப்பு வைத்து, அப்பன் பாட்டன் வித்தைக்காரனாக இல்லாத பையனும் வந்து சேரலாம் என்று ஆக்கியதுதான் பூஜப்புரை அகாடமியின் முக்கியமான காரியம் என்பது என் கட்சி.

புதிதாகக் கற்பவர்களுக்கு இன்றும் செப்பும் பந்தும் ஒரு நல்ல பள்ளிக்கூடம். கை வேகத்தைவிடப் பார்வையாளர் மனசு ஒரு படி பின்னால் இருப்பதே இதில் முக்கியம். அவர் "இப்போது நடக்கப் போகிறது" என்று கூர்ந்து பார்க்கும் நேரத்தில் வேலை ஏற்கனவே முடிந்திருக்கும். (பணக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சில்லறை கேட்டுப் பேச்சுக் கொடுத்துக் குழப்பி, எண்ணிய கட்டிலிருந்து இரண்டு நோட்டை உருவுகிறவன் செய்வதும் இதேதான். வங்கியில் மேஜிக் வகுப்பு வைத்தால் தப்பில்லை.)

நம் ஆட்கள் இந்த வித்தையோடு கடல் தாண்டியதும் பழைய கதை. 1810-களில் லண்டனில் ஆடிய இந்திய வித்தைக்காரர்களில் பெயர் பெற்றவர் "ராமோ சாமி". ராமசாமியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கிண்ணமும் பந்தும் காட்டினார், கத்தி விழுங்கினார், அமெரிக்கா வரை போய் வந்தார். ஹாஸ்லிட் என்ற பெரிய ஆங்கிலக் கட்டுரையாளர் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1850-ல் ராமசாமி லண்டனில் இறந்தபோது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் குப்பை கொட்டும் நம்மைப் போன்றவர்கள் இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

இப்போது படத்துக்கு வருவோம். போட்டோவில் கைவைப்பது போட்டோஷாப்புக்குப் பிறகு வந்த வியாதி என்று நினைக்கிறோம். 1856-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல நிறத்தைக் கண்டால் அளவுக்கு மீறி வினை புரியும். அதனால் பிரிண்டில் வானம் வெள்ளைச் சுவர் போல வரும். வெளிச்சத்தை நீண்ட நேரம் விடவேண்டும் என்பதால் காற்றில் ஆடும் இலை கலங்கிப் போகும். ட்ரைப் என்ன செய்தார்? காகித நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி மேகம் வரவழைத்தார், இலைகளைத் திருத்தினார். அதே மனிதர்தான் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 1858-ல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அது அழகுக்கு அல்ல, படிப்பதற்கு. வானத்தில் ஒரு மேகம் கூடினால் யாருக்கும் நட்டமில்லை. கல்வெட்டில் ஒரு எழுத்தைத் தொட்டிருந்தால்? எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்ற கேள்வி அப்போதே வந்தாகிவிட்டது. (பிறகு கவர்னர் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று சொல்லி அந்த வேலையையே ரத்து செய்தார். ஆடிட் எந்தக் காலத்திலும் ஆடிட்தான்.)

வித்தையும் போட்டோவும் நேருக்கு நேர் மோதிய இடம் இந்தியக் கயிற்று வித்தை. 1890 ஆகஸ்ட் 8-ல் சிகாகோ ட்ரிப்யூன் ஒரு கட்டுரை போட்டது. இரண்டு அமெரிக்கர்கள் இந்தியாவில் இந்த வித்தையைப் பார்த்தார்களாம். கயிறு தானாக மேலே எழும்ப, ஒரு பையன் ஏறி மறைந்தானாம். ஒருவர் அதைப் பார்த்துப் படம் வரைந்தார், இன்னொருவர் கோடக்கில் எடுத்தார். ஓவியத்தில் கயிறும் பையனும் இருந்தார்கள். போட்டோவில் வித்தைக்காரரைத் தவிர ஒன்றுமே இல்லை! ஆகவே எல்லாம் ஹிப்னாடிசம் என்று முடிவு. உலகமே நம்பியது. போட்டோகிராபர் பெயர் எஸ். எல்மோர். சேர்த்துச் சொன்னால் "செல் மோர்", அதாவது "இன்னும் விற்றுத் தள்ளு". நாலு மாதம் கழித்து, எல்லாம் கட்டுக்கதை என்று பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அந்த மறுப்பைத்தான் யாரும் படிக்கவில்லை. எழுதியவர் ஜான் எல்பர்ட் வில்கி. 1898-ல் இவர் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸின் தலைவரானார். கள்ள நோட்டு பிடிப்பது அந்தத் துறையின் முக்கிய வேலை! கதை விட்டவரிடமே சாவியைக் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். அந்தக் கதைக்கு எந்தப் போட்டோவும் தேவைப்படவில்லை, "போட்டோ எடுத்தார்கள்" என்ற ஒரு வாக்கியமே போதுமாக இருந்தது.

போட்டோஷாப்பின் பிறப்பும் ஒரு இருட்டறையில்தான். அமெரிக்காவில் மிச்சிகனில் நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே டார்க்ரூம் வைத்திருந்தார். மூத்தவர் தாமஸ் 1987-ல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கறுப்பு–வெள்ளைத் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். தம்பி ஜான் வேலை பார்த்த சினிமா எஃபெக்ட் கம்பெனியின் பெயர் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்! 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு, மேக்கின்டாஷுக்கு மட்டும். லேயர் 1994-ல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. டாட்ஜ், பர்ன் கருவிகளின் படத்தைக் கவனியுங்கள். ஒன்று குச்சியில் வட்ட அட்டை, மற்றது குவிந்த கை. இருட்டறையில் அட்டையால் ஒளியை மறைத்தும், கைவிரல் இடுக்கில் ஒளியை விட்டும் செய்ததன் நினைவுச் சின்னங்கள் அவை. திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் "சீதாராமன் நாராயணன்" என்று பார்த்து நம்மில் எத்தனை பேர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்!

போட்டோஷாப்பின் விலை வீட்டு பட்ஜெட்டுக்குக் கசக்கும். 1996-ல், அதாவது பூஜப்புரை அகாடமி தொடங்கிய அதே வருஷம், பெர்க்லி மாணவர்கள் இருவர் ஜிம்ப் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். 2001 ஜூலையில் ஸ்டால்மன் வந்து இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் திருவனந்தபுரத்தில்தான். அதன் பிறகு கேரள அரசுப் பள்ளிகள் மெல்ல லினக்ஸுக்கு மாறின, பாடப்புத்தகத்தில் ஜிம்ப் ஏறியது. கேரளத்தில் தமிழ் மீடியப் பள்ளிகளுக்கும் அதே புத்தகம் தமிழில் வருகிறது. மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை லேயரைப் பற்றித் தமிழில் படிக்கிறது. இதை நம்மூரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

ஒரே பேட்டையில் இரண்டு எதிர்க் கொள்கைகள். மேஜிக்கில் ரகசியத்தை வெளியே சொன்னால் தொழில் போச்சு, சுதந்திர மென்பொருளில் ரகசியம் வைத்தால்தான் தப்பு. எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. வித்தைக்காரர் மேடை ஏறும்போதே "உங்களை ஏமாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிடுகிறார், அதனால் அவருக்கு ரகசிய உரிமை உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வெள்ளத்தில் முதலை நீந்தும் படத்தை அனுப்புகிறவர் அப்படிச் சொல்வதில்லையே. ஊரில் மழை என்றால் பொய்ப்படம் பார்த்து இங்கே இரவெல்லாம் போன் அடிப்பது நாம்தான். படத்தை ஒருமுறை தானே வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளை, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தானாகவே பார்க்கும். குளோன் கருவியால் மறைத்த இடத்தில் ஒரே புல், ஒரே செங்கல் திரும்பத் திரும்ப வருவது அதன் கண்ணுக்குத் தெரியும்.

மேஜிக் பக்கம் கதை இன்னும் கொஞ்சம் போனது. தெரு வித்தைக்காரர்களின் நிலைமை நாடு முழுக்கச் சரியில்லை. அவர்கள் கூட்டமாக வாழ்ந்த டெல்லி கட்புத்லி காலனி 2017-ல் இடிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் முதுகாடு 2014 அக்டோபர் 31-ல் (ஹூடினி இறந்த தேதி) கழக்கூட்டம் கின்ஃப்ரா வளாகத்தில் மேஜிக் பிளானட் திறந்தார். தெரு வித்தைக்காரர்களுக்கும் அங்கே மேடை கிடைத்தது. 2019-ல் அதே வளாகத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக டிஃபரண்ட் ஆர்ட் சென்டர் வந்தது. 2021-ல் அவர் தொழில்முறை மேடையை விட்டு முழு நேரமும் அந்தக் குழந்தைகளோடு இருக்கப் போய்விட்டார். அங்கே பிள்ளைகள் கற்று மேடையில் செய்து காட்டும் கலைகளில் மேஜிக்கும் ஒன்று.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் கழக்கூட்டம் போய் வரலாம், ஒரு பகல் போதும். அதுவரை வீட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளரும், கசக்கிய காகித உருண்டையும் வைத்துத் தொடங்கலாம். ஜிம்ப்புக்குத் தமிழ் இடைமுகமும் உண்டு.