தோண்டும் முன்பா, தோண்டிய பின்பா?

தில்லியிலிருந்து சண்டிகருக்குக் காரில் போயிருக்கிறீர்களா? பானிபட், கர்னால் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் செங்கல் தூண்கள் நிற்கும். அவை கோஸ் மினார்கள், முகலாயர் காலத்து மைல்கற்கள். முப்பது அடி உயரம் இருக்கும். கோஸுக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய 3 கி.மீ.க்கு ஒன்று. போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

சாலை ஆறு வழியான பிறகும் பல மினார்கள் நிற்கின்றன. அவை மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010ல் வந்த திருத்தப்படி, பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் நாடு முழுவதும் அந்தப் பட்டியலில் இருப்பவை சுமார் 3,700. மினார் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பாதையில் இருந்து மண்ணுக்குள் போன சத்திரமும் கிணறும் தெரியுமா?

தில்லிக்குப் பக்கத்திலேயே சினௌலி இருக்கிறது. 2005ல் விவசாயிகள் வயலைச் சமன் செய்தபோது எலும்புகள் வந்தன. தொல்லியல் துறை தோண்டியதில் 116 புதைகுழிகள். 2018ல் அங்கேயே செம்பு பதித்த வண்டிகள். அந்த வயலில் முதலில் சாலை இயந்திரம் இறங்கியிருந்தால்?

மண்ணுக்குள் கிடைத்ததை அரசிடம் சொல்ல 1878லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. தோண்டும் முன் தேடிப் பார்க்க, எல்லாச் சாலைக்கும் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. நிலம் எடுத்து, ஒப்பந்தமும் கொடுத்த பின் ஒருநாள் வேலை நின்றாலும் நஷ்டம். பானை ஓடு கிடைத்தால் யார் வாய் திறப்பார்கள்?

நம்மால் முடியாததும் இல்லை. நாகார்ஜுனசாகர் அணைக்காக, 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கைத் தோண்டி, முக்கியமானவற்றை மேட்டுக்கு மாற்றினார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஏ14 சாலைக்காக 34 கி.மீ. பாதையை முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். முதலில் கருவிகளால் நிலத்தடியைப் பார்ப்பது, பிறகு சோதனைக் குழி, ஏதாவது தெரிந்தால் மட்டும் முழு அகழாய்வு. செலவு சாலைத் திட்டத்தின் கணக்கில். சாலையும் வந்தது, ரோமானியர் காலத்துச் சூளைகளும் கிடைத்தன.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்பந்தம் விடும் முன்பே இந்த வேலை முடியட்டும். அணைக்குச் செய்தோம், சாலைக்கும் செய்யலாம்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். அகலப்படுத்தும் சாலையோரம் நடுகல்லோ எழுத்துள்ள கல்லோ கண்ணில் பட்டால், படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். இயந்திரம் வரும் முன் அனுப்புங்கள்.