கவ்வவும் வேண்டும், விடவும் வேண்டும்

குடல் கிழிந்தால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கொண்டு கிழிசலின் இரு விளிம்புகளையும் சேர்த்துக் கடிக்கவைத்து, பிறகு உடலை அறுத்தெடுத்துத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. 1911இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், மூளைக் கட்டி அறுவையில் நூலால் கட்ட முடியாத ரத்தக்குழாய்களைச் சிறு வெள்ளிக் கிளிப்புகளால் நசுக்கி மூடியதை எழுதினார். ஆக, கவ்வி மூடுவது பழைய யோசனை. எண்டோஸ்கோப் வழியே வயிற்றுக்குள் கிளிப்பைச் செலுத்தி ரத்தக்கசிவை நிறுத்தும் முறையை, ஜப்பானில் ஹயாஷியும் அவருடைய சகாக்களும் 1975இல் அறிவித்தார்கள். ஆனால் அந்த முறை ஜப்பானுக்கு வெளியே கவனம் பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு மருத்துவ அறிவின் குறை காரணமல்ல, கருவியின் இயந்திர அமைப்பே காரணம் என்பேன்.

குஷிங்குக்குக் கிளிப்பை நசுக்கும் இடுக்கி கையிலேயே இருந்தது. எண்டோஸ்கோப் மருத்துவரின் கைக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமான வளைந்த பாதை இருக்கிறது. கருவி நுழையும் துளையின் விட்டமோ வழக்கமாக 2.8 மி.மீ. அதற்குள் ஒரு சுருள்கம்பி உறை, உறைக்குள் ஓர் இழுகம்பி, அதன் முனையில் எஃகுத் தகட்டாலான கிளிப். கம்பியை இழுத்தால் கிளிப்பின் கால்கள் முதலில் அகல விரிய வேண்டும். மேலும் இழுத்தால் ஒரு சிறு வளையத்துக்குள் புகுந்து இறுக வேண்டும். இன்னும் இழுத்தால் கம்பியோடான பிணைப்பு அறுந்து, கிளிப் திசுவில் தங்கிவிட வேண்டும். இந்த மூன்று வேலைகளும் ஒரே திசையில் ஒரே இழுப்பில் நடக்கின்றன. பாதை வளையும் இடங்களிலெல்லாம் உராய்வு இழுவிசையைத் தின்கிறது, உறையும் சற்றே சுருங்குகிறது. பிணைப்பு எளிதில் அறுந்தால் கிளிப் இறுகுவதற்கு முன்பே கழன்று விழும். அறுக்கக் கூடுதல் விசை தேவைப்பட்டால், வெடுக்கென இழுக்கும்போது கிளிப் திசுவைக் கிழித்துக்கொண்டு வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியைப் பிடிப்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை. ஜப்பானிய மருத்துவர் ஹாச்சிசு, மேம்படுத்தப்பட்ட கிளிப் கருவியைக் கொண்டு பெற்ற தன் முடிவுகளை 1988இல் வெளியிட்டார். 1993இல் ஹாம்பர்க் மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதிய பிறகே கிளிப் உலக மருத்துவர்களின் பேச்சுக்குள் வந்தது.

எண்டோஸ்கோப்பே அப்போது முதிர்ச்சி அடையவில்லை, அதனால்தான் கிளிப் காத்திருந்தது என்று வாதிடலாம். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. கண்ணாடி இழைகளாலான வளையும் எண்டோஸ்கோப்பை ஹிர்ஷோவிட்ஸ் 1957இலேயே காட்டிவிட்டார். 1969இல் நியூயார்க்கில் பெருங்குடல் பாலிப்பைக் கம்பிச் சுருக்கிட்டு அறுத்தெடுத்தார்கள். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பித்தநாள வாயைக் கீறித் திறந்தார்கள். இவை எளிய வேலைகள் அல்ல. பாதை தயாராகவே இருந்தது. அதன் வழியே போய், சொன்ன இடத்தில் கவ்வி, சொன்ன நேரத்தில் விடும் கருவிதான் இல்லை.

ரப்பர் வளையத்தைக் காட்டி இன்னொரு மறுப்பு வரலாம். உணவுக்குழாயில் புடைத்த நாளங்களை உறிஞ்சி இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டும் முறையை 1986இல் அமெரிக்காவில் ஸ்டீக்மன் அறிமுகப்படுத்தினார். ஆறே ஆண்டுகளில் அது நாளங்களில் மருந்தூசி போடும் முறையோடு ஒப்பிடப்பட்டு வென்றது. இயந்திரம்தான் தடை என்றால் இது மட்டும் எப்படி விரைந்தது? விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. வளையம் முன்பே விரிக்கப்பட்டு எண்டோஸ்கோப்பின் முனைத் தொப்பியில் காத்திருக்கிறது. இறுக்கும் விசை கம்பி வழியே பயணப்பட வேண்டியதில்லை, வளையத்தைத் தள்ளிவிடும் அளவுக்கு இழுத்தால் போதும். பயணத்தைத் தவிர்த்ததால் தடையையும் தவிர்த்தது. ஆனால் ஆறாத புண்ணின் தழும்பேறிய அடிப்பகுதியைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுப்பது கடினம், அங்கே வளையம் உதவாது. 2007இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனிலிருந்து வந்த, நிட்டினால் என்னும் மீள்தன்மை கொண்ட உலோகக்கலவையாலான கிளிப்பும் இதே வழியைப் பின்பற்றியது. விரிந்த நிலையில் தொப்பியின் மேல் உட்கார்ந்து, நூலை இழுத்ததும் தானே பாய்ந்து கவ்வும் அந்தக் கிளிப், உராய்வோடு போராடுவதைவிட விசையை முனையிலேயே சேமித்துவைப்பது மேல் என்பதை மறுபடி உறுதிசெய்தது.

ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் சூட்டுக்கோலும் கிளிப்பும் ஏறக்குறைய சமம் என்றால் இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெற்றிகரமாகப் பொருத்தப்பட்ட கிளிப் மருந்தூசியை மட்டும் போடுவதைவிட மேலானது, சூட்டு முறைக்கு இணையானது என்றுதான் சொன்னது. ‘வெற்றிகரமாக’ என்ற நிபந்தனையைத் தள்ளிவிட்டு அந்த முடிவைப் படிக்க முடியாது. சுற்றித் திருப்பக்கூடிய கருவி, பிடி தவறினால் மீண்டும் விரிக்கக்கூடிய கிளிப் எனப் பின்னர் வந்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றவே வந்தன. மருத்துவ வரலாறு எழுதுவோர் முதல் யோசனையின் ஆண்டை மட்டும் குறித்து நிறுத்திவிடுகிறார்கள். கிளிப்பைப் பொறுத்தவரை 1975 என்று எழுதுபவர், பக்கத்திலேயே 1988 என்றும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.