சோழவரம் ஓடுபாதையும் டர்போ விசிலும்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டர்போ காரைக் கைமாற்றி வாங்குகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் இறுக்கலாமா, இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு மேப் ஏற்றலாமா, சைலன்சரை மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று விசாரணை ஆரம்பமாகும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளில் ஊறிய கைகளுக்கு இந்த வரிசை தலைகீழ். முதலில் ரேடியேட்டர், பிறகு ஹோஸ், பிறகு பிரேக். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், எல்லாவற்றுக்கும் கடைசி. கிழவர்களின் பயம் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். என் கணிப்பில் அது அரை நூற்றாண்டுப் பாடத்தின் மிச்சம். எண்ணூரிலிருந்து சோழவரம் வரை விரியும் இந்த நிலத்தில், ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓடவைக்கும் கைத்தொழில் எந்த நெருக்கடிக்குள் வளர்ந்ததோ, அந்த நெருக்கடிதான் இந்த வரிசையைத் தீர்மானித்தது.

முதலில் அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மறுபடி தோல் போடும் டிரெட் ரப்பருக்கு வந்து, 1961-ல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் கூட்டோடு டயருக்கே போய்விட்டார், அதுதான் எம்.ஆர்.எஃப். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. லேலண்டோடு ஒப்பந்தம் ஆன பிறகு காரை விட்டுவிட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் திரும்பி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா பிறந்து, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. செம்பியத்தில் 1949-லிருந்து இந்தியா பிஸ்டன்ஸ், பக்கத்திலேயே பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்த சிம்சன். 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை. கொஞ்சம் மேற்கே போனால் பாடியில் பிரேக்கும் டைனமோவும். பிஸ்டன், டயர், இன்ஜின், பெட்ரோல் எல்லாம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் கிடைத்த இடம் இந்தியாவில் வேறு எங்கும் அதிகம் இருந்திருக்காது. ஆனால் அவை அத்தனையும் பாரம் இழுக்கவும் நாள்பட உழைக்கவும் செய்யப்பட்டவை. வேகத்துக்கென்றே செய்த பொருளைத் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது.

வேகம் தேவைப்பட்டது சோழவரத்தில். செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையோரம் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஓடியவை பெரும்பாலும் ஊரில் ஓடிய அதே வண்டிகள்: ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர், புல்லட், ஜாவா. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். பந்தயத்துக்கான கேம்ஷாஃப்ட்டோ கார்ப்யூரேட்டரோ யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படியானால் 1089 சிசி ஃபியட்டை வேகமாக்க என்ன வழி? இருப்பதைச் சீர்செய்வதுதான். லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டர் ஹெட்டைச் சீவுவார்கள். எரியறை சிறுத்து அமுக்கம் கூடும். காற்று நுழையும் துவாரங்களில் வார்ப்பிலிருந்து நின்ற பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். வால்வுக்கு சீட்டிங் பிடிப்பது தனி வேலை. முனையில் ரப்பர் கிண்ணம் பொருத்திய குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் விழுந்த பிறகு, ஹெட்டைக் கவிழ்த்துவைத்து எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருப்பார்கள். வால்வைத் தாண்டி ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி பேஸ்ட், மறுபடி உருட்டல். இந்த வேலையில் புதிய பாகம் ஒன்றுகூட இல்லை. இழந்துகொண்டிருந்த சக்தியை மீட்பதே அதன் முழு லாபமும்.

ஹெட்டைச் சீவுவதற்கும் ஓர் எல்லை இருந்தது. அமுக்கம் கூடினால் கலவை சூடாகும். அளவு மீறினால் பிளக் பொறி விடுவதற்கு முன்பே, அல்லது பொறி விட்டதும் கண்டபடி, வெடித்து இன்ஜின் தட்டும். பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவோ அவ்வளவுதான் சீவ முடியும். டர்போவுக்கும் இதே கணக்குதான். பிஸ்டன் அமுக்குவதற்கு முன்பே டர்போ காற்றை ஒரு முறை அமுக்கிவிடுகிறது. மொத்தத்தில் கலவை படும் பாடு ஒன்றே, முட்டிக்கொள்ளும் சுவரும் ஒன்றே. 1960-களில் ஹெட்டைக் கூடுதலாகச் சீவி பிஸ்டனில் ஓட்டை போட்டவரும், இன்று பூஸ்ட்டைக் கூட்டி அதையே செய்பவரும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரே தப்பைச் செய்கிறார்கள். அதனால்தான் டர்போவே பார்க்காத தலைமுறையின் அனுபவம் டர்போ காருக்குப் பொருந்துகிறது என்கிறேன்.

ஓடுபாதையின் அமைப்பும் தன் பங்குக்குப் பாடம் சொன்னது. விமானத்துக்காகப் போட்ட பாதை நேராகவும் நீளமாகவும்தான் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி போகலாம், ஆனால் முடிவில் சட்டென்று திரும்ப வேண்டும். நேர்ப்பாதையில் தண்ணீர் கொதித்தது, திருப்பத்தில் பிரேக் கைவிட்டது. அந்தக் கால ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறிய டிரம் விரியும், பிரேக் ஷூவின் பிடி தளரும், பெடல் கீழே போகும். நேர்ப்பாதையில் சேர்த்த நாலு குதிரைத்திறன், திருப்பத்துக்கு வெகு முன்பே காலைத் தூக்க வேண்டியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

டர்போ இந்தக் கரைக்கு வந்த வழியும் வேகத்தின் வழியல்ல. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-ல் காப்புரிமை பெற்ற கருத்து, 1920-களின் நடுவில் முதலில் கப்பல்களில்தான் பலித்தது. வட சென்னைக்கு டர்போ என்பது துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களின் வயிற்றுக்குள் இருந்த பொருள். கார் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது 1970-களில். 1977-ல் ரெனோ ஃபார்முலா 1-க்கு டர்போ காரைக் கொண்டுவந்தபோது அது அடிக்கடி புகை கக்கி நின்றதால் மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்கள். 1979-ல் டிஜோனில் முதல் வெற்றி கிடைக்கும் வரை அவர்கள் மல்லாடியதில் பெரும்பகுதி சூட்டோடும் தாங்குதிறனோடும்தான். நம் ஊரில் கதையே வேறு. 1982-ல் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டர்போ பரவி, 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அது கட்டாயமே ஆகிவிட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் இழுக்கவும் கரும்புகையைக் குறைக்கவும் வந்த பொருள் அது. லாரியின் நெற்றியில் ‘டர்போ’ என்று பெயின்டால் எழுதிப் பெருமைப்பட்ட ஓட்டுநர்களுக்கு அதன் சிக்கனமும் தெரியும், சீக்கும் தெரியும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது; ஏற்றம் ஏறிவந்த வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பினால் எண்ணெய் அங்கேயே கருகும். இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைக்கும் பழக்கம் அப்படி வந்தது.

இப்போது பழைய டர்போ காருக்குத் திரும்பினால் பட்டறை வரிசையின் நியாயம் புரியும். 2000-களின் நடுவில் இங்கே விற்ற ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள், 1.8 லிட்டரில் 150 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றது. இத்தனை வருடம் கழித்து அதில் 150 இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். டர்போவிலிருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருக்கும். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவதுபோல, குழாயில் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். அந்த ஹோஸை மாற்றுவதே பலருக்கு முதல் ‘அப்கிரேடு’ ஆகிவிடும். அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தகடுகள் எண்ணூர் உப்புக் காற்றில் அரித்துப் பொடிந்திருக்கலாம். ஏப்ரல் வெயிலில் நல்ல இன்டர்கூலர் தரும் பலனை எந்த மேப்பும் தராது. பிளக், இக்னிஷன் காயில், எண்ணெய், கூலன்ட், பிறகு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும், நல்ல டயர். பூஸ்ட் கேஜ் ஒன்றைப் பொருத்தி என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, கொஞ்சம் தாராளமான எக்ஸாஸ்ட், கடைசியாக மேப். கிரைண்டிங் பேஸ்டும் மண்ணெண்ணெயும் சொன்னதை இங்கே சோப்புத் தண்ணீர் சொல்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, லேசானவையும் அல்ல. சோழவரம் பணக்காரர்களின் விளையாட்டு, அதைக் கொண்டுபோய் வட சென்னையின் அறிவு என்று பட்டம் கட்டலாமா என்று கேட்கலாம். 1980-களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார் என்பது உண்மை. ஸ்டியரிங் பிடித்தவர்களில் வசதி படைத்தவர்கள் அதிகம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்த கையும் ஹெட்டைச் சீவிய கையும் ஒன்றல்ல. தொழிலின் வரலாறு இரண்டாவது கையில் இருக்கிறது, அந்தக் கையின் பெயரைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது: பற்றாக்குறையைப் புனிதமாக்குகிறாயே, பாகம் கிடைத்திருந்தால் இதே ஆட்கள் இன்னும் நன்றாகச் செய்திருப்பார்களே? ஆமாம். பட்டறைக் கணக்குகள் ரகசியமாகக் காக்கப்பட்டு ஆளோடு போயின. ஊகத்தில் சீவிய ஹெட்டுகள் இன்ஜினையே தின்றன. கோயம்புத்தூர் கரிவர்தன் 1988-ல் மாருதி 800-ன் பாகங்களைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தபோது, எல்லாருக்கும் ஒரே மாதிரி மலிவான கார் என்பதே பல வருடத் தந்திரங்களைவிட அதிக ஓட்டுநர்களை உருவாக்கியது. பற்றாக்குறையை நான் போற்றவில்லை. அது கட்டாயப்படுத்திய வரிசை, கட்டாயம் போன பிறகும் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவதாக, இன்று கம்ப்யூட்டர் இன்ஜின் தட்டும் நாக்கிங்கை உணர்ந்து, பொறி விடும் டைமிங்கைத் தானே பின்னுக்கு இழுத்துவிடுமே, தயாரிப்பாளரே போதிய இடம் விட்டுத்தானே செய்திருக்கிறார் என்பார்கள். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இதற்குச் சாட்சியாக அடிக்கடி வரும்: ஒரே அடிப்படை இன்ஜின், ஒரு காரில் 75 குதிரைத்திறன், இன்னொன்றில் 90. ஆனால் அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்கும் பேசுகிறது. 90-க்குப் போக அந்த நிறுவனம் மேப்போடு நிற்கவில்லை. துடுப்புக் கோணம் மாறும் வேறு டர்போவையே போட்டது. நாக் சென்சர் இன்ஜினைக் காப்பாற்றும். ஆனால் அதற்காக அது திருப்பி எடுத்துக்கொள்வது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே குதிரைத்திறனைத்தான்.

குதிரைத்திறன் வெறி இந்தப் பகுதியில் இன்னும் சூடாக இருக்கும் இடம் சாலை அல்ல, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகளில் வெகுகாலம் குடியிருந்தவை லேலண்ட் இன்ஜின்கள். எண்ணூர் லாரியை இழுத்த அதே குடும்பம், ரேடியேட்டருக்குப் பதில் கடல்நீரால் குளிர்விக்கும் ஏற்பாட்டோடு. பிறகு அதிக வேகச் சீன இன்ஜின்கள் வந்தன. அவற்றைப் பூட்டியவர்கள் முதலில் போய் முதலில் அள்ள, 2018-ல் காசிமேட்டு மீனவர்களே இரண்டாகப் பிரிந்து தெருவில் நின்றார்கள். இப்போது தமிழ்நாட்டு விதிகள் படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைக்கின்றன. சோழவரத்தில் எல்லையைக் காட்டியது பெட்ரோலும் பிரேக்கும். காசிமேட்டில் அதைக் காட்டியது பக்கத்துப் படகின் காலி வலை.