செட்லரை எங்கே இறக்குவது? பிரான்சிஸ் டே பார்த்த மணல்திட்டு

'சிவிலைசேஷன்' வரிசை கேம்களில் நிறைய பேருக்கு முதல் டர்ன்தான் ரொம்ப நேரம் எடுக்கும். கி.மு. 4000, கையில் ஒரே ஒரு செட்லர், சுற்றிலும் கொஞ்சம் நிலம் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. ஆறாம் பாகத்தில் கணக்கு இப்படி: நன்னீர் பக்கத்தில் ஊரை வைத்தால் ஆரம்பக் குடியிருப்பு 5, கடலோரம் மட்டும் என்றால் 3, இரண்டுமே இல்லைன்னா 2. மேடாக இருந்தால் உற்பத்தியும் கூடும். இன்னும் நல்ல இடம் தேடி அலைந்தால் ஒவ்வொரு டர்னுக்கும் 40 வருஷம் போகும்.

இந்தக் கணக்கை வைத்து 1639-ல் பிரான்சிஸ் டே தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்தால், எந்த ஆட்டக்காரரும் அங்கே ஊர் வைக்க மாட்டார். சுத்த மணல். மலை கிடையாது, துறைமுகம் கிடையாது. அலை அடிக்கிற அடியில் கப்பல் கரைக்கே வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் இறக்கணும். ஒரே சாதகம், கிழக்கே கடல், மற்ற பக்கங்களில் கூவமும் இன்னொரு ஆறும் அரண் மாதிரி இருந்தன. ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

அப்புறம் ஏன் இங்கே? சாந்தோமில் டேவுக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் என்று ஒரு கிசுகிசு இன்றுவரை ஓடுது. சுவையான கதை. ஆனால் கம்பெனிக்கு அவர் சொன்ன காரணம் துணி விலை. மற்ற இடங்களைவிட இங்கே சுமார் 20 சதவீதம் மலிவு என்றார். தென்கிழக்காசியாவில் மிளகும் வாசனைப் பொருளும் வாங்க இந்தத் துணிதான் கிட்டத்தட்ட காசு. மசூலிப்பட்டினத்தில் கோல்கொண்டா அதிகாரிகளின் கெடுபிடி. பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் 1626-லேயே ஒரு கிடங்கு போட்டிருந்தார்கள், அங்கே நல்ல துணி கிடைக்கலை. மேப் பிடிக்கலைன்னா ரீஸ்டார்ட் அடிப்போமே, கம்பெனி செய்ததும் அதுதான். 1640-ல் ஆர்மகானைக் காலி செய்துவிட்டு வந்தார்கள்.

கேமில் இல்லாத இன்னொரு விஷயம் அனுமதி. செட்லர் 'ஊர் அமை' பொத்தானை அழுத்தினால் முடிந்தது. இங்கே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் பல நூற்றாண்டாக இருக்கு, சாந்தோமில் போர்ச்சுகீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர். நிலத்தைக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருக்கும் கணக்கு இருந்தது: பாரசீகக் குதிரை வேணும், துறைமுக வரியில் பங்கு வேணும். ஆகஸ்ட் 22-ஐ சென்னை தினமாகக் கொண்டாடும்போது டே இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றே எல்லோரும் எழுதறாங்க. நாயக்கர் ஆளைத் தேர்ந்தெடுத்தார் என்றும் எழுதலாம். எனக்கு அதுதான் கூடப் பொருத்தமாகப் படுது.

ஊர் வளர்ந்ததற்கும் மண் காரணமில்லை. மசூலிப்பட்டினத்து ஏஜெண்டாக இருந்து இங்கே வந்த ஆண்ட்ரூ கோகன், குடியேறுகிறவர்களுக்கு 30 வருஷம் வரி இல்லை என்று அறிவித்தார். நெசவாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். லண்டனோ கோட்டைச் செலவுக்குக் கணக்கு கேட்டுக் குடைந்தது. அவர்கள் கேட்டது கிடங்கு, நகரமல்ல.

கேம் எச்சரிக்கிற அபராதங்கள் மட்டும் தள்ளுபடி ஆகவில்லை. கோட்டைக்கு ஒழுங்கான குடிநீர் 1772-ல் ஏழுகிணறு வந்த பிறகுதான். செங்குன்றம் ஏரித் தண்ணீர் ஊருக்கு வர 1872 ஆனது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் கட்டியதும் அந்த பாக்கியில் ஒரு தவணைதான். துறைமுகத்துக்கோ கேமில் சில டர்ன் போதும். இங்கே 1870-களில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அதில் பெரும்பகுதியைக் கடலுக்குள் தள்ளிவிட்டது.