வாக் பெறுவதில் முதலிடம் பிடித்த மட்டையாளர்கள் (பேஸ்பால்)

அடிக்கத்தக்க எல்லைக்கு (ஸ்ட்ரைக் ஸோன்) வெளியே வீசப்படும் நான்கு பந்துகளை மட்டையாளர் அடிக்காமல் விட்டால், முதல் பேஸ் அவருக்கு இலவசமாகக் கிடைக்கும். இதுவே 'வாக்'. முதன்மை பேஸ்பால் லீக்குகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒவ்வொரு பருவத்திலும் அதிக வாக் பெற்றவர் யார் எனக் கணக்கிடுவர்.

அமெரிக்கன் லீக்கில் பேப் ரூத் 11 முறை முதலிடம் பெற்றார். 1923இல் அவர் பெற்ற 170 வாக் 2001 வரை சாதனையாக நின்றது. அதை 177 பெற்று முறியடித்தவர் பேரி பாண்ட்ஸ். 2004இல் அவர் எட்டிய 232 நம்ப முடியாத எண். அவற்றில் 120, எதிரணி அவருக்கு அஞ்சி வேண்டுமென்றே கொடுத்தவை. நேஷனல் லீக்கில் 12 முறை அவரே முதலிடம் பெற்றார்.

ரூத்தும் பாண்ட்ஸும் எதிரணியின் அச்சத்தால் வாக் ஈட்டியவர்கள். எடி யோஸ்ட் பொறுமையால் ஈட்டியவர். பெரிய அடிகாரர் அல்லர். 1956இல் அவரது மட்டையடிச் சராசரி வெறும் .231, ஆனாலும் 151 வாக் பெற்றார், அடித்த ஹிட்களைவிட அதிகம். ஆறு முறை அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த அவருக்கு 'வாக்கிங் மேன்' என்ற பட்டப்பெயர் பொருத்தமே.